ஹைட்ரஜன் மரை

எங்கள் துறையில் எல்லாருக்கும் அவர் அக்காதான். அவரைவிட ஆறு வயது மூத்தவரான துறைத் தலைவரும் 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார். வெளியிலிருந்து வந்த ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, "உங்க கூடப் பிறந்தவங்களா?" என்று தலைவரிடமே விசாரித்திருக்கிறார். "இந்தக் கட்டடத்துக்குக் கூடப் பிறந்தவங்க" என்று பதில் வந்ததாம். முழுப் பட்டம் சிலிண்டர் அக்கா.

பட்டம் சும்மா வரவில்லை. இருபத்திரண்டு வருடமாக உயிர்வேதியியல் துறைக்கு வாயு சிலிண்டர்களைக் கொண்டு வந்து மாட்டுவது அவருடைய வேலை. பின்கட்டுக் கொட்டகையிலிருந்து ஆளுயர இரும்பு உருளையைச் சற்றே சாய்த்து, அடி விளிம்பிலேயே உருட்டிக்கொண்டு வருவார். அடம்பிடிக்கும் பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்து வருவதுபோல் இருக்கும். எதிரே வருகிறவர்கள் சுவரோடு ஒட்டிக்கொள்வார்கள். நானும் ஒட்டிக்கொள்வேன். நான் இங்கே பேராசிரியர் என்பதெல்லாம் அந்த உருளைக்குத் தெரியாது.

அவர் வாயிலிருந்து அதிகம் வரும் சொல் 'மரை'. திருகாணியில் சுற்றிச் சுற்றிப் போகுமே அந்தக் கோடு, அதுதான் மரை. நைட்ரஜன், ஆக்சிஜன் சிலிண்டர்களில் மற்ற எல்லாத் திருகாணியையும்போல வலப்பக்க மரை. ஹைட்ரஜனுக்கு மட்டும் இடப்பக்க மரை. தீப்பிடிக்கிற வாயு என்பதால், ஆள் மாற்றி எதையாவது மாட்டிவிடக் கூடாது என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். புதிதாக ஆராய்ச்சிக்கு வருகிற பிள்ளைகள் ஹைட்ரஜனோடு மல்லுக்கட்டி, முகம் சிவந்து, கடைசியில் அக்காவைத் தேடிப் போவார்கள். அவர் வந்து ஒரு விரலால் எதிர்ப்பக்கம் சுற்றுவார். "மரை பாத்துத் திருப்புங்க கண்ணு. பலத்தைக் காட்டாதீங்க" என்பார். முதுகுக்குப் பின்னால், அக்காவுக்கே மரை கழண்டுவிட்டது என்று கேலி செய்கிறவர்களும் உண்டு. அது அவருக்கும் தெரியும். "கழண்டாலும் எந்தப் பக்கம் கழண்டுச்சுன்னு எனக்குத் தெரியும்ல?" என்று என்னிடமே ஒருமுறை சொன்னார்.

போன வருடம் அவருடைய வலது தோள் மக்கர் செய்தது. கையைக் காதுக்கு மேலே தூக்க முடியவில்லை. வீட்டில் தலை வாரிவிடுவதே கணவர்தான் என்று ஆய்வுக்கூடத்தில் பேச்சு வந்தபோது, அக்கா மறுக்கவில்லை. "நல்லாத்தான் வாருறாரு. என்ன, வகிடுதான் வேன் ஓட்டுற ரோடு மாதிரி வளைஞ்சு போகுது" என்றார். கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். மருத்துவர் மட்டும் சிரிக்கவில்லை. இனி ஒரு சிலிண்டரைத் தொட்டாலும் அந்தக் கை சாப்பாடு பிசையக்கூட உதவாது என்று கண்டித்து அனுப்பியிருந்தார்.

அதே மாதத்தில்தான் எங்கள் துறைக்கு அச்சு மெஷின் வந்தது. காகிதத்தில் அடிக்கிறதில்லை, பிளாஸ்டிக் இழையை உருக்கி, அடுக்கடுக்காக இட்டு, கையில் பிடிக்கிற பொருளாகவே எழுப்பித் தருகிற மெஷின். கேட்டு வாங்கியவன் நான். காரணம், நான் நடத்தும் பாடம் புரதங்களின் வடிவம். புரதம் என்பது மணி கோத்த சங்கிலி மாதிரி. நீளமாகவே கிடந்தால் அதனால் ஒரு பயனும் இல்லை. சுருண்டு, மடங்கி, தனக்கென்று ஓர் உருவத்துக்கு வந்தால்தான் வேலை செய்யும். அந்த உருவத்தைப் பதினெட்டு வருடமாகத் தட்டையான கரும்பலகையில் வரைந்து வரைந்து நான் சம்பாதித்த பெயர் 'ஸ்பிரிங் சார்'. மாணவர்கள் வைத்தது. என் சித்திரத் திறமைக்கு அவ்வளவுதான் மரியாதை.

மெஷினைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றதும், "நான் பாத்துக்கறேன் சார்" என்று அக்கா வந்து நின்றார். எனக்கு நம்பிக்கை இல்லை. அவர் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். ஆனால் பத்தே நாளில் மெஷின் முனகுகிற சத்தத்தை வைத்தே எங்கே சிக்கல் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். கணினித் திரையை மட்டும் தமிழுக்கு மாற்றித் தரச் சொன்னார். எங்கள் கணினிக்காரர் மாற்றிக் கொடுத்தார். மாடிப்படிக்கு அடியில், உடைந்த நாற்காலிகள் கிடந்த அறையை அக்காவே காலிசெய்து, ஜன்னலைக் கழுவி, மெஷினை வைத்தார். சுவரோரம் அலமாரி. மாதிரிகளுக்கு எங்கள் வாயில் நுழைகிற பெயர் அவருக்குத் தேவைப்படவில்லை. அவரே பெயர் வைத்தார்: குண்டு, கொக்கி, கூடை.

அவருக்கு ரொம்பப் பிடித்தது 'பொந்து'. எங்கள் பாஷையில் மயோகுளோபின். எட்டுச் சுருள்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நடுவில் ஒரு குழி விட்டிருக்கும். தசைக்குள் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் குழி அது. நான் அதைச் சொன்னபோது அக்கா மாதிரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆக்சிஜனையா சார்? இந்தப் பொந்துலயா?"

"ஆமாக்கா."

"நான் ஒருத்தி இருபத்திரண்டு வருஷமா தோள் போகத் தூக்குறேன். இது பாட்டுக்கு ஒரு பொந்துல வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கு" என்றார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் பொறியியல் துறைக்காரர்களுக்கு அந்த மெஷின்மேல் ஒரு கண். எங்கள் தலைவர் அக்காவையும் என்னையும் ஒருநாள் அறைக்கு அழைத்தார். தலைவரம்மாவுக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'மைனஸ் எண்பது'. எங்கள் பெரிய உறைபெட்டியின் வெப்பநிலை அது. அவர் சுருக்கமாகச் சொன்னார்: இந்த வருடச் செய்முறைத் தேர்வில் இந்த மாதிரிகளை வைத்துப் பார்ப்போம். ஒரு புகாரும் வராவிட்டால் அந்த அறை அக்காவுக்கு, எழுத்துப்பூர்வமாக. வந்தால் மெஷின் பக்கத்துக் கட்டடத்துக்கு, அக்கா மறுபடி கொட்டகைக்கு. வேறு வேலை கொடுக்கத் துறையில் இடம் இல்லை.

அக்கா சரி என்று தலையாட்டினார். வெளியே வந்ததும் வலது தோளை இடது கையால் பிடித்துக்கொண்டார்.

தேர்வுக்குப் பன்னிரண்டு பொந்து வேண்டும். மெஷின் அடுக்கடுக்காக எழுப்புகிறபோது அந்தரத்தில் நிற்கும் பகுதிகளுக்கு அடியில் முட்டுக் கொடுத்தாக வேண்டும். அப்புறம் அந்த முட்டுகளைப் பிய்த்தால் அந்தப் பக்கம் சொரசொரவென்று தழும்பாகிவிடும். சோதனைக்கு அடித்ததில் தழும்பு சரியாகப் பொந்தின் வாயிலேயே விழுந்திருந்தது. நான் வகுப்புக்கு ஓடிக்கொண்டிருந்தேன். படியிலிருந்தே குனிந்து பார்த்து, "முகம் கீழ இருக்குக்கா. திருப்பிப் போடுங்க!" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

திரையில் இரண்டு பொத்தான்கள். ஒன்றில் 'சுழற்று' என்று இருந்தது. மற்றதில் 'திருப்பு'. நான் சொன்னது திருப்பு. அக்கா அமுக்கியதும் திருப்பு. கீழே இருந்த முகம் மேலே வந்தது. பன்னிரண்டும் அழகாக, பொந்தில் ஒரு கீறல் இல்லாமல் வந்தன. நான் பாராட்டினேன். பன்னிரண்டையும் என் கையாலேயே துடைத்துத் தேர்வு மேசையில் வைத்தேன்.

தேர்வு அமைதியாக நடந்தது. அறுபத்து மூன்று பேர். கையில் மாதிரி, கேள்வி நான்கு. மூன்றாவது கேள்வி: சுருள்கள் எந்தப் பக்கமாகச் சுற்றி ஏறுகின்றன, இடமா வலமா? புரதங்களின் இந்தச் சுருள் இயற்கையில் வலப்பக்கமாகத்தான் சுற்றும் என்று புத்தகம் சொல்கிறது. நானும் பதினெட்டு வருடமாகச் சொல்கிறேன். அறுபத்திரண்டு பேர் 'வலம்' என்று எழுதியிருந்தார்கள். ஒருத்தி மட்டும் 'இடம்' என்று எழுதியிருந்தாள். நான் சிவப்புப் பேனாவால் அதைச் சுழித்து, பக்கத்தில் 'எந்த இடம்?' என்று எழுதினேன். நகைச்சுவையாம். இப்போது நினைத்தாலும் கை கூசுகிறது.

அந்த மாணவியை நாங்கள் 'ஏன் சார்' என்போம். எதைச் சொன்னாலும் அவளிடமிருந்து அந்தக் கேள்வி வரும். விடைத்தாள் கொடுத்த அன்றே என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"சார், நான் கையில வெச்சு நல்லாப் பாத்தேன். இடப்பக்கம்தான் சுத்துச்சு."

"புத்தகத்துல என்ன போட்டிருக்கு?"

"வலம்னு. ஆனா கேள்வில 'கையில் உள்ள மாதிரியைப் பார்த்து'ன்னு இருந்துச்சு சார்."

"ரெண்டு மார்க்குக்கு இவ்வளவு வழக்கா? போய் அடுத்த பாடத்தைப் படி."

"மார்க்குக்கு இல்ல சார். எனக்குத் தப்பாத் தெரியுதா, இல்ல..." அவள் முடிப்பதற்குள் நான் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் போய்விட்டாள். எனக்குக் கோபம் சட்டென்று வரும். அது ஊரறிந்த விஷயம்.

என் அறைக்கு எதிரே, வேறொருவர் உருட்டி வந்த நைட்ரஜன் சிலிண்டரில் அழுத்தமானியை மட்டும் மாட்டிக்கொண்டிருந்த அக்காவின் காதில் இது முழுதும் விழுந்திருக்கிறது. இதற்குப் பிறகு நடந்ததை அவர் அப்புறம் சொல்லித்தான் நான் அறிவேன். நேராகப் படிக்கட்டு அறைக்குப் போயிருக்கிறார். இழுப்பறையில் சிலிண்டரில் திருகுகிற, மரை போட்ட இரண்டு பழைய மானிக் கழுத்துகளைப் போட்டு வைத்திருந்தார். ஒன்று நைட்ரஜனுடையது, மற்றது ஹைட்ரஜனுடையது. இரண்டையும் மேசையில் நிமிர்த்தி வைத்து, நடுவில் ஒரு பொந்தை வைத்தார். நைட்ரஜன் கழுத்தில் முன்பக்கக் கோடுகள் வலது கைப்பக்கம் ஏறின. ஹைட்ரஜனில் இடது கைப்பக்கம். பொந்தின் சுருள் ஒவ்வொன்றிலும் விரலை வைத்து ஏற்றிப் பார்த்தார். எட்டும் ஹைட்ரஜன் பக்கம்தான் போயின. பன்னிரண்டு மாதிரியையும் எடுத்துப் பார்த்தார். பன்னிரண்டும் அப்படித்தான்.

அன்று சாயங்காலம் வேனின் முன் இருக்கையில் உட்கார்ந்து கணவரிடம் சொல்லியிருக்கிறார்.

"வேற யாருக்காவது தெரியுமா?" என்று அவர் கேட்டாராம்.

"தெரியாது."

"அப்பறம் என்ன? வாயை மூடிக்கிட்டு இரு. உன் கை உனக்கு வேண்டாமா?"

"அந்தப் பொண்ணு சரியாத்தானே சொல்லுச்சு."

"ரெண்டு மார்க்குல அது கெட்டா போயிடும்?"

வீடு வந்ததும் கணவர் வழக்கம்போலச் சீப்பை எடுத்திருக்கிறார். வாரிக்கொண்டே, "சொல்லாம உன்னால இருக்க முடியாது. சொல்லித் தொலை" என்று அவரே சொன்னாராம். "ஆனா கொட்டகைக்குப் போனா வேலையை விட்டுரு. இந்தக் கையை வெச்சுக்கிட்டு அங்க போக நான் விடமாட்டேன்."

மறுநாள் காலை அவர் என் மேசைக்கு வந்தபோது எனக்கு இது ஒன்றும் தெரியாது. பொந்தையும் இரண்டு கழுத்துகளையும் என் முன்னால் வைத்து, "எல்லாமே ஹைட்ரஜன் மரையா வந்திருக்கு சார்" என்றார்.

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. "தலைகீழாப் பிடிச்சிருக்கீங்கக்கா. திருப்பிப் பிடிங்க, சரியா இருக்கும்" என்றேன்.

"திருகாணியைத் தலைகீழாப் பிடிச்சா மரை மாறிடுமா சார்?"

மாறாது. எந்தப் பக்கம் பிடித்தாலும் வல மரை வல மரைதான். இதையே நான் வகுப்பில் பதினெட்டு வருடமாக, அதே வார்த்தைகளில், சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் மேசையில் காகிதம் பறக்காமல் வைத்திருந்த முதல் பொந்தை எடுத்து இதன் பக்கத்தில் வைத்தேன். வகுப்பில் காட்டியது அது. படியில் நான் கத்துவதற்கு முன்னால் அடித்தது. இரண்டும் ஒரு ஜோடிச் செருப்பைப்போல் இருந்தன. ஒன்றை எப்படிப் புரட்டினாலும் மற்றது ஆகவில்லை.

இருவரும் கணினி முன்னால் போய் நின்றோம். 'சுழற்று' என்ற பொத்தான் பொருளைப் புரட்டிப் போடுகிறது. 'திருப்பு' என்பது தரையில் வைத்த கண்ணாடியில் தெரிவதுபோல் தலைகீழ்ப் பிம்பமாக்கி, மரையையும் இடம் வலம் மாற்றிவிடுகிறது. மொழிபெயர்த்த புண்ணியவானுக்கு அந்தச் சொல்தான் கிடைத்திருக்கிறது. எனக்கும் அந்த அவசரத்தில் அதே சொல்தான் கிடைத்தது.

"தலைவர்கிட்டச் சொல்லிடலாம் சார்" என்றார் அக்கா.

"சொன்னா மெஷின் போயிடும்கா."

"தெரியும்."

மைனஸ் எண்பது எல்லாவற்றையும் கேட்டார். மாதிரியைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு, "யார் தப்பு?" என்றார்.

"பட்டனை அமுக்குனது நான்தான் மேடம்" என்றார் அக்கா.

நான் அப்போதே பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தேன். அவரே ஒத்துக்கொண்டாரே, உனக்கென்ன வந்தது என்று எனக்குள் ஒரு அற்பப் புத்தி சொன்னது. ஒரு பத்து நொடி இருக்கும். அந்தப் பத்து நொடியை நான் யாரிடமும் சொன்னதில்லை, இங்கேதான் எழுதுகிறேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"திருப்பிப் போடுங்கன்னு சொன்னது நான் மேடம்" என்றேன். "திரையிலயும் அதே வார்த்தைதான் இருந்துச்சு. அவங்க நான் சொன்னதைத்தான் செஞ்சாங்க. அந்தப் பொண்ணு வந்து சொன்னப்பவும் நான்தான் விரட்டிவிட்டேன்."

"தேர்வுக்கு முன்னாடி நீங்க பாத்தீங்களா?"

"பன்னிரண்டையும் துடைச்சு வெச்சேன்."

"துடைச்சீங்க. பாத்தீங்களா?"

"இல்ல."

அவர் விடைத்தாள் கட்டைக் கேட்டார். அறுபத்து மூன்றையும் மூன்றாவது கேள்விக்கு மட்டும் புரட்டினார். வலம், வலம், வலம். என்னுடைய 'எந்த இடம்?' வந்ததும் அதிலேயே கொஞ்சநேரம் நின்றார். "இந்தப் பொண்ணுக்கு ரெண்டு மார்க் போடுங்க. எழுதினதை அடிச்சுட்டு உங்க கையெழுத்தைப் போடுங்க. மத்தவங்களுக்கு அந்தக் கேள்வியே கிடையாது. மெஷின் விஷயம் யோசிச்சுச் சொல்றேன்" என்று எங்களை அனுப்பிவிட்டார்.

மூன்று நாள் ஒரு தகவலும் இல்லை. 'ஏன் சார்' மாணவியைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல சார்" என்றாள். முதல் தடவையாக ஏன் என்று கேட்கவில்லை. அக்கா மெஷினைத் துடைத்து, இழைச் சுருளைக் கழற்றிப் பையில் போட்டு, பன்னிரண்டு பொந்தையும் பழைய கோணியில் கட்டி வாசலோரம் வைத்துவிட்டார். வேலையை விடுகிறேன் என்று ஒரு கடிதமும் எழுதி வைத்திருந்தார். மேசைமேல் மடித்துக் கிடந்தது. நான் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தேன். என்ன சொல்வது?

நான்காம் நாள் தலைவரே படியிறங்கி வந்தார். அந்த அறைக்கு அவர் வருவது அதுதான் முதல் தடவை. தலை இடிக்காமல் குனிந்து நுழைந்தார்.

"அந்தப் பன்னிரண்டும் எங்கக்கா?"

"குப்பைக்குப் போகட்டும்னு கட்டி வெச்சிருக்கேன் மேடம்."

"அவிழுங்க." அக்கா அவிழ்த்தார். தலைவர் ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "அறுபத்து மூணு பேர் இதைக் கையில வெச்சிருந்திருக்காங்க. ஒருத்திதான் பாத்திருக்கா. இது சரியா வந்திருந்தா நமக்கு அது தெரிஞ்சே இருக்காது. அடுத்த தேர்வுக்கு இதுல ஆறு, சரியானதுல ஆறு வைங்க. நம்பர் மட்டும் போடுங்க. எது எதுன்னு ஒரு நோட்டுல எழுதி நீங்களே வெச்சுக்கோங்க. எனக்குத் தெரிய வேண்டாம்." என் பக்கம் கையைக் காட்டி, "இவருக்கு நிச்சயமாத் தெரியக் கூடாது" என்றார்.

"அப்போ மெஷின்..." என்று அக்கா இழுத்தார்.

"நோட்டு இருக்கிற இடத்துலதானே மெஷினும் இருக்கணும்? பூட்டு ஒண்ணு வாங்கிப் போடுங்க." ஆணைக் காகிதத்தை மேசைமேல் இருந்த கடிதத்தின் மேலேயே வைத்துவிட்டுப் போனார். அக்கா அதை எடுத்து இரண்டு தடவை படித்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, என்னைப் பொருட்படுத்தாமல், கொஞ்சநேரம் அழுதார்.

இந்த வருடச் செய்முறைத் தேர்வு போன வாரம் முடிந்தது. மூன்றாவது கேள்வியைத் திருத்த நான் விடைத்தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு அக்காவின் அறைக்குப் போனேன். பூட்டைத் திறந்து நோட்டை எடுத்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அலமாரியிலிருந்து ஒரு பொந்தை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"முதல்ல நீங்க சொல்லுங்க சார். இடமா, வலமா?"

"வலம்" என்றேன்.

அக்கா நோட்டைத் திறக்கவே இல்லை. கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"மரை பாத்துச் சொல்லுங்க சார்" என்றார்.

அப்போதுதான் குனிந்து கையிலிருந்ததைப் பார்த்தேன்.